மஞ்சணத்தியில் முக்கின வெள்ளைச் சேலைகள்

மதினி,

ஜெபக்கூடத்துக்குப் பின்னால் கல் கூட்டி, கொப்பரையை ஏற்றி, சாயத்துக்கு மஞ்சணத்தி வேரைக் கொதிக்க விட்டிருக்கிறார்கள். அந்த வாடை பள்ளிக்கூட ஜன்னல் வழியாக வந்து என் மேசையில் உட்கார்ந்துகொண்டது. மண்ணும் கசப்பும் கலந்த வாடை. நல்ல வாடை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாளை மறுநாள் கிறிஸ்மஸ். அடிவாரத்துக் குடும்பங்களுக்கு நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய சேலைகளை இன்றைக்கே சாயத்தில் முக்கிக் காயப்போட வேண்டும். வேலை நீங்கள் இருந்தபோது நடந்த மாதிரியே நடக்கிறது. நீங்கள் இல்லை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் டீச்சர், கம்பத்துப் பெண், சாயத்தில் கையை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். "அக்கா, துணி வெள்ளவெளேர்னு நல்லாத்தான இருக்கு. இத எதுக்கு இப்புடிப் பாழாக்குறீக?" என்று கேட்டாள். "வெள்ளையாக் குடுக்கக் கூடாது" என்றேன். ஏன் என்று கேட்டாள். வேலை கிடக்கிறது என்று அனுப்பிவிட்டேன். கோபம் ஒன்றும் இல்லை. சொல்ல ஆரம்பித்தால் உங்களிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதை அவளிடம் சொல்வதைவிட உங்களிடமே சொல்லிவிடலாம் என்று இதை எழுத உட்கார்ந்தேன்.

ஐப்பசி மழையில் நீங்கள் போனீர்கள். நான் இன்னும் அழவில்லை. ஊரில் இதைப் பற்றிப் பேச்சு உண்டு, எனக்கும் தெரியும். நெஞ்சழுத்தக்காரி என்கிறார்கள். வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினால்கூடத் தெரியாதே, அப்படி இருக்கிறது. காலையில் எழுகிறேன், பள்ளிக்கூடம் போகிறேன், அப்பாவுக்குக் கஞ்சி வைக்கிறேன், உங்கள் பாயைச் சுருட்டி வைத்த இடத்தைத் தாண்டிப் போகிறேன். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது.

அண்ணன் உங்களைக் கட்டிக்கொண்டு வந்தபோது நான் பாவாடை தாவணி. நீங்கள் வந்த புதிதில் எனக்கு உங்களைப் பிடிக்காது. கம்பத்து வியாபாரி வீட்டுப் பெண் என்று உங்களுக்கு ஒரு மிடுக்கு இருந்தது. நம் ஊர் தேவாரத்துத் தண்ணீர் உப்பு என்றீர்கள், இங்கே அடிக்கிற காற்றுக்கு மனுசர் இருப்பார்களா என்றீர்கள். அண்ணன் மலாயாவுக்கு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி வேலைக்குக் கப்பலேறின பிறகுதான் நாம் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தோம். வீட்டில் அப்பாவையும் என்னையும் விட்டால் உங்களுக்குப் பேச ஆள் ஏது. அம்மா போய்ச் சேர்ந்து வெகு காலம். அப்பா ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர், மருந்தை அளந்து ஊற்றுகிற மாதிரித்தான் பேச்சும்.

அப்புறம் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். அண்ணனிடமிருந்து கடுதாசி நின்றது. முதலில் மாதங்களாக எண்ணினோம், பிறகு எண்ணுவதை விட்டோம். நீங்கள் மட்டும் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. பூ வைத்துக்கொண்டீர்கள். அண்ணன் கப்பலேறும் முன் வாங்கித் தந்த அரக்குக் கண்டாங்கியை ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்தினீர்கள். சபைப் பெண்கள் அதைப் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள்.

நம் சபையில் பண்டிகைக்கு எல்லாப் பெண்களும் வெள்ளைதான் உடுத்துவோம். கிறிஸ்மஸுக்கு வெள்ளை, ஈஸ்டருக்கு வெள்ளை, கல்யாணப் பெண்ணுக்கும் வெள்ளை. மற்ற நாளிலும் வெள்ளை உடுத்துகிறவர்கள் புருஷன் இல்லாதவர்கள் மட்டும். கடுதாசி நின்ற மறுவருஷம் கார்த்திகையில் போதகர் நம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மெதுவாகப் பேசினார். வருஷம் முடிவதற்குள் அண்ணனுக்கு ஒரு நினைவு ஆராதனை நடத்திவிடலாம், வீட்டிலிருக்கிறவர்களுக்கும் மனசு ஆறும் என்றார். அதன் பிறகு உங்கள் அண்ணன்மார் வந்து உங்களைக் கம்பத்துக்கு அழைத்துப் போவதாகப் பேச்சு. வயது சின்னது, இன்னொரு இடம் பார்க்கலாம் என்றும் அவர்கள் சொல்லியிருந்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் நல்லதைத்தான் பேசினார்கள். அப்பா சரி என்று தலையை ஆட்டினார். நீங்கள் அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தீர்கள். கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள். உருவுகிற கை நிற்கவில்லை.

அந்த வருஷம்தான் துணிப் பஞ்சம் உச்சத்தில் இருந்தது. கண்ட்ரோல் கடையில் சாயச் சேலை கண்ணில் காண்பதே அபூர்வம். அடிவாரத்துக் குடிசைகளில் மாமியாரும் மருமகளும் ஒரே சேலையை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு, ஒருத்தி வேலைக்குப் போனால் இன்னொருத்தி வீட்டுக்குள் சாக்கைச் சுற்றிக்கொண்டு இருக்கிறாள் என்று உபதேசியார் வந்து சொன்னார். அந்த வருஷக் கிறிஸ்மஸ் தானம் சேலைதான் என்று சபை முடிவு செய்தது. மதுரையிலிருந்து, கரியில் ஓடுகிற அந்த பஸ்ஸில், ஒரு மூட்டை மல் துணி வந்து இறங்கியது. சுத்த வெள்ளை. ஊரே துணிக்கு அலைகிறபோது இத்தனை துணியை ஒரே இடத்தில் பார்த்ததில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை.

ஒவ்வொரு சாயங்காலமும் ஜெபக்கூடத்தில் உட்கார்ந்து கிழித்தோம், ஓரம் அடித்தோம், மடித்தோம். பாட்டு வேறு. கண் நிறைய வெள்ளையைப் பார்த்துப் பார்த்து, பண்டிகை வந்துவிட்டது என்ற நினைப்பைத் தவிர யாருக்கும் வேறு நினைப்பே வரவில்லை. நம் பாட்டன் காலத்தில் வேதத்துக்கு வந்தவர்கள் நாம். வெள்ளை என்றால் நமக்குப் பண்டிகை என்று ஊறிப்போய்விட்டது. உபதேசியார் சம்சாரம் அதே துணியில் உங்களுக்கென்று ஒன்று கிழித்து, ஓரம் அடித்து, "இது ஒனக்கு. பண்டிகைக்கும் ஆகும், பெறகும் ஆகும்" என்று நீட்டினாள். "பெறகும்" என்றதை எல்லோரும் கேட்டோம். நீங்கள் அதை வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவராமல், தானம் கொடுக்கிற சேலைகளின் மேலேயே வைத்துவிட்டீர்கள்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் விடிகாலையில் வண்டி கட்டினோம். உபதேசியார், அவர் சம்சாரம், நீங்கள், நான். ஒரு மூட்டை கம்பு, வெல்லம், சேலைகள். மார்கழிப் பனியில் மேற்கே மலை இருக்கிற இடமே தெரியவில்லை. மாட்டின் மூச்சுதான் புகையாகத் தெரிந்தது. கடலைக்காட்டு வழியாக வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. நான் உங்கள் போர்வைக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் கை என் கையைவிடக் குளிர்ந்து கிடந்தது.

அந்தக் குடிசைகளிலிருந்து ஆண்கள் பாதிப் பேர் மலைக்கு மேலே திருவாங்கூர்ச் சீமை ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். வேப்பமரத்தடியில் பெண்கள் வந்து கூடினார்கள். உபதேசியார் ஜெபம் பண்ணினார். அவர் ஜெபம் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உலகத்தில் உள்ள ராஜாக்களையெல்லாம் சுற்றிவிட்டுத்தான் ஊருக்குத் திரும்பும். பிள்ளைகள் வெல்லத்தையே பார்த்துக்கொண்டு நின்றன.

முதலில் வந்தது ஒரு கிழவி. சேலையைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டாள். அடுத்தது கல்யாணமாகி வருஷம் திரும்பாத ஒரு பெண். மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்கவில்லை. நான் சேலையை நீட்டினேன். அவள் கை வரவில்லை. இடுப்பில் கிடந்த சேலையில் கிழியாத இடம் இல்லை, ஆனாலும் கை வரவில்லை. அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் ஒரு எட்டுப் பின்னால் போனார்கள். என்ன என்று எனக்கு விளங்கவில்லை. உபதேசியார் தனக்கு விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

"ஏம்மா, ஒங்க சாமிய விட்டுட்டு வரச் சொல்லியா குடுக்குறோம்? சும்மாதான் குடுக்குறோம். பயப்படாம வாங்கிக்கங்க" என்றார்.

உபதேசியார் சம்சாரம் கூட்டத்தைப் பார்த்தாள். கடைசிக் குடிசை வாசலில், கைப்பிள்ளையோடு, சாக்கைத் தோளோடு சுற்றிக்கொண்டு ஒருத்தி நடுங்கிக்கொண்டு நின்றாள். பேச்சியம்மா என்று பேர். அவளும் அவள் மாமியாரும்தான் ஒரே சேலையைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள். அவள் புருஷன் ஆடியில் மலைக்கு ஏறினவன் திரும்பவில்லை. யானை அடித்துவிட்டது என்றார்கள் சிலர், காய்ச்சல் என்றார்கள் சிலர். இதெல்லாம் உபதேசியார் வழியில் சொன்னதுதான். சரி, இவளுக்குத்தான் முதலில் வேண்டும் என்று அவர் சம்சாரம் ஒரு சேலையை எடுத்து உங்கள் கையில் கொடுத்தாள். நீங்கள் கொண்டுபோய் நீட்டினீர்கள்.

அவள் மாமியார் உள்ளேயிருந்து வந்தாள். வெள்ளைச் சேலையைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், உங்களைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"எம் மகன் செத்துட்டான்னு ஒங்களுக்கு யாரு வந்து சொன்னாக?" என்று கேட்டாள்.

மதினி, அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. தெரியாத விஷயமா இது. அந்த வீடுகளில் தாலி அறுத்தவளுக்குத்தான் வெள்ளை. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். பண்டிகைக் குஷியில் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டிருந்தது. சுமங்கலிகள் நிற்கிற இடத்துக்கு வெள்ளையை மூட்டையாகக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறோம், அதுவும் நல்ல நாள் என்று சொல்லி. உபதேசியார் சேலை மூட்டையைத் திரும்பிப் பார்த்தார். அவர் சம்சாரம் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

நீங்கள் அந்த இடத்திலேயே நின்றீர்கள். நீட்டின கையை இழுக்கவில்லை. பிறகு சொன்னீர்கள், "யாரும் வந்து சொல்லல ஆத்தா. ஒங்களுக்கும் சொல்லல, எனக்கும் சொல்லல."

"ஒனக்கென்ன தாயி?"

"எங்க வீட்டுக்காரரு மலாயாவுல இருக்காக. சண்ட வந்ததுலருந்து ஒரு சேதியும் இல்ல."

அந்த அம்மா உங்கள் கண்டாங்கியைப் பார்த்தாள், தலையிலிருந்த பூவைப் பார்த்தாள். "ஒனக்கும் இந்தச் சீலதான் குடுத்தாகளா?" என்று கேட்டாள்.

"ஆமாத்தா. வண்டியில எனக்கும் ஒண்ணு இருக்கு" என்றீர்கள்.

வண்டியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் நான். இத்தனை மாதமும் ஒரே வீட்டில் ஒரே பானைச் சோறு தின்றவள். என்னிடம் வாய்விட்டுச் சொல்லாததை அந்த முன்பின் தெரியாத அம்மாவிடம் சொன்னீர்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நெஞ்சில் பாரம் ஏறினது அன்றைக்குத் தெரிந்தது. இப்போது எழுதும்போது தெரியவில்லை.

அந்த அம்மா நகர்ந்து உங்களுக்கு வாசலில் இடம் விட்டாள். நீங்கள் உட்காரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இங்கன மஞ்சணத்தி நிக்குதா?" என்று கேட்டீர்கள்.

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். "மஞ்சணத்திக்கா பஞ்சம்? காடு பூராவும் அதான் நிக்குது."

அவ்வளவுதான், ஊர் மாறிவிட்டது. பட்டையை உரிக்கலாம் என்றாள் ஒருத்தி, பட்டையில் சாயம் ஏறாது வேரைத் தோண்டு என்றாள் இன்னொருத்தி. மஞ்சணத்தியில் நுகத்தடி செதுக்குகிற ஆசாரியின் கை எத்தனை நாளைக்கு மஞ்சளாக இருக்கும் என்று சண்டை. மலைக்குப் போகாமல் ஊரில் தங்கியிருந்த ஆண்கள் கடப்பாரையோடு காட்டுக்குள் போனார்கள். பிள்ளைகள் வேரைக் கழுவின. பெண்கள் உரலில் போட்டு இடித்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் கரும்புப்பாகு காய்ச்சிய பழைய கொப்பரை ஒன்று கிடந்தது, அதை உருட்டிக்கொண்டு வந்தார்கள். சாயம் பிடிக்கப் படிகாரம் கொஞ்சம் ஒரு வீட்டில் இருந்தது. உபதேசியாரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவராகவே அடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து, புகையில் கண்ணீர் வடிய வடிய ஊதிக்கொண்டே இருந்தார். அந்த வருஷம் முழுக்க அவர் செய்த ஊழியத்தில் அது ஒன்றுதான் உருப்படி என்று பிற்பாடு நீங்கள் சொல்லிச் சிரித்தீர்கள்.

கொப்பரை கொதித்ததும் ஒவ்வொரு சேலையாக இறக்கி, கம்பால் அமுக்கி, புரட்டி எடுத்தோம். சாயம் ஒரே சீராக ஏறவில்லை. ஒன்று முட்டைக்கரு நிறம், ஒன்று வெளிறின மஞ்சள், ஒன்றில் திட்டுத் திட்டாக மேகம். வேலியிலும் பாறையிலும் விரித்துப் போட்டோம். பனி விலகி வெயில் வந்தது, ஆனாலும் மார்கழி வெயிலில் என்ன காயும். பேச்சியம்மா காயும்வரை பொறுக்கவில்லை. ஈரத்தோடு எடுத்து, உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்து, கொப்பரை அடுப்பு அணைகிற சூட்டில் பிள்ளையோடு உட்கார்ந்துகொண்டாள். அவள் மாமியார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிழிந்த பழைய சேலை இனி அந்த அம்மாவுக்கு முழுசாகக் கிடைத்துவிட்டது. புதுசு எனக்கு வேண்டாம், எனக்கு இது போதும் என்றாள். கடைசியில் நீங்கள் அதட்டித்தான் அவளுக்கும் ஒன்று கொடுத்தீர்கள்.

எல்லாம் முடிந்து கொப்பரையில் அடிச்சாயம் கிடந்தது. நீங்கள் வண்டிக்குப் போய் உங்கள் சேலையை எடுத்து வந்தீர்கள். உதறினீர்கள். உபதேசியார் சம்சாரம் ஓடி வந்தாள்.

"ஏத்தா, இது நாளைக்கிக் கோயிலுக்கு நீ கட்ட வேண்டியதுல்ல? இதையும் போடுறியே?"

"நாளைக்கிக் கட்டத்தான் அக்கா போடுறேன்" என்று சொல்லி அமுக்கினீர்கள்.

திரும்பி வரும்போது அந்த ஈரச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். உங்கள் கண்டாங்கி நனைந்தது, நான் சொல்லியும் கீழே வைக்கவில்லை. நம் கைகள் முழங்கை வரை மஞ்சளாக இருந்தன. தேவாரம் நெருங்கும்போது என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னீர்கள்.

"வாயால ஒருதரஞ் சொல்லிட்டா முடிஞ்சு போகும் ஆத்தா. நான் சொல்ல மாட்டேன். யாரு சொன்னாலும் நீயும் சொல்லாத."

"சரி மதினி" என்றேன்.

கிறிஸ்மஸ் காலையில் ஜெபக்கூடம் நிறைய வெள்ளை. பெண்கள் பக்கத்தில் பாய் நெடுக வெள்ளை. நடுவில் நீங்கள் மட்டும் மஞ்சள், அதுவும் திட்டுத் திட்டாக. தலையில் பூ. போதகர் பிரசங்கத்தை ஒரு இடத்தில் விட்டுவிட்டுத் தேடினார். அப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். ஒரு தரம்தான் பார்த்தார். நற்கருணைக்கு நீங்கள் எழுந்து போனபோது வழி விட்டவர்கள் கொஞ்சம் அதிகமாகவே விட்டார்கள். எனக்குக் கன்னம் சுட்டது, வெட்கமா பெருமையா என்று அன்றைக்கும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே புளியமரத்தடியில் அப்பா போதகரிடம் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "அந்த நினைவு ஆராதனை இப்ப வேணாம்" என்றார் அப்பா. போதகர் காரணம் கேட்டார். "மருமக இருக்கால்ல" என்றார். மத்தியானம் சாப்பிடும்போது உங்கள் பக்கம் பார்க்காமலே, "சாயம் ஒழுங்கா ஏறல" என்றார். "அடுத்த வருஷம் நல்லா முக்குவோம் மாமா" என்று சொல்லிக் குழம்பு ஊற்றினீர்கள். உங்கள் அண்ணன்மார் தை பிறந்ததும் வந்தார்கள், காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

சித்திரையில் பேச்சியம்மாவின் மாமியார் அந்த வெயிலில் நடந்தே தேவாரத்துக்கு வந்தாள். மகன் திரும்பிவிட்டான். ஏதோ ஒரு தோட்டத்தில் காய்ச்சலில் கிடந்து, எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தானாம். "வந்துட்டான் தாயி. ஒங்காளும் வந்துருவாக" என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் அவளை உட்கார வைத்து மோர் கொடுத்தீர்கள், வழிக்குக் கருவாடு கட்டிக் கொடுத்தீர்கள். அவள் போனதும் கொல்லைப்புறம் போன நீங்கள் வெகுநேரம் வரவில்லை. நான் தேடி வரவில்லை. வர வேண்டாம் என்றுதான் நீங்கள் போனீர்கள் என்று பட்டது.

யுத்தம் முடிந்தது. மலாயாவிலிருந்து ஆட்கள் கப்பலில் திரும்ப ஆரம்பித்தார்கள். போடிக்காரர் ஒருவர் நம் வீடு தேடி வந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது, உட்காரும்போது கையை ஊன்றித்தான் உட்கார்ந்தார். அண்ணனோடு அதே தோட்டத்தில் இருந்தவராம். ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அண்ணனையும் வண்டியில் ஏற்றினார்கள் என்றார். அங்கே போனவர்களில் திரும்பினவர்கள் ரொம்பக் கொஞ்சம் என்றார். காலரா என்றார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடி கேட்டீர்கள், "அவுக செத்தத நீங்க கண்ணால பாத்தீகளா?"

"இல்ல தாயி. வண்டியில ஏத்துனதத்தான் பாத்தேன்."

"பாத்தவுக யாரும் ஒங்ககிட்டச் சொன்னாகளா?"

"இல்ல."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு அவருக்குக் காப்பி போட உள்ளே போனீர்கள்.

மதினி, எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது. உங்களுக்குத் தெரிந்ததா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. காப்பி கொண்டுவந்த உங்கள் முகத்தில் ஒன்றும் இல்லை. என் நெஞ்சு மரத்துப்போனது அன்றைக்குத்தான், ஐப்பசியில் இல்லை. அண்ணனுக்காக அழ வேண்டியதை அழவில்லை. அழுதால் சொன்ன மாதிரி ஆகிவிடும். உங்களிடம் சரி என்று சொல்லியிருந்தேன். இப்போது உங்களுக்காக அழப் போனால், அண்ணனுக்கான அழுகை முன்னால் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டும் வெளியே வர மாட்டேன் என்கின்றன.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் மூட்டை பிரித்ததும் நீங்கள் முதலில் கேட்பது மஞ்சணத்தி வேர் வந்ததா என்பதுதான். கடுக்காய்த் தண்ணீரில் முதலில் நனைத்தால் சாயம் நிற்கும் என்று கண்டுபிடித்தீர்கள். பேச்சியம்மா வீட்டில் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் அந்தத் துணியில்தான் சட்டை. சபையில் புதிதாக வந்தவர்களுக்குக் காரணம் தெரியாது, இது ஏதோ நம் சபையின் வழக்கம் என்று நினைத்துக்கொண்டு முக்குகிறார்கள்.

போன புரட்டாசியில் உங்களுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. வந்து வந்து போனது. அப்பா தன் பழைய கொயினா மாத்திரைகளையெல்லாம் தேடி எடுத்தார். கடைசியில் நீங்கள் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. நார்த்தங்காய் ஊறுகாயும் கஞ்சியும் கேட்டீர்கள். கொண்டு வந்தேன், இரண்டு வாய் குடித்தீர்கள். மழை ஓயாமல் அடித்தது. விடிந்தபோது நீங்கள் இல்லை. சவப்பெட்டியில் வைக்குமுன் உடுத்தச் சபைப் பெண்கள் வெள்ளை கொண்டுவந்தார்கள். அப்பா போய், உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அரக்குக் கண்டாங்கியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். உடுத்தி விட்டோம்.

உங்களிடமிருந்து எனக்கு வந்தது நம்பிக்கை என்று சொன்னால் பொய். எனக்கு நம்பிக்கை இல்லை. அண்ணன் எங்கே என்று கேட்டால் சொல்ல வேண்டிய பதில் மட்டும் என்னிடம் வந்திருக்கிறது. அப்பாவுக்கு இப்போது ஞாபகம் தப்புகிறது, அவரை யாரும் கேட்பதில்லை. கேட்கிறவர்கள் என்னைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் இருந்தவரை அது உங்கள் வேலையாக இருந்தது. இப்போது என் வேலை. அலுப்பாக இருக்கிறது, ஆனாலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன வாரம் உங்கள் கல்லுக்காகக் கல்தச்சர் வீட்டுக்குப் போனேன். அடிவாரத்துக் கல், நல்ல கருங்கல். உங்கள் பேரை வெட்டி முடித்துவிட்டு அவர் உளியைக் கீழே வைத்தார்.

"இதுக்குக் கீழ இன்னாரு மனைவின்னு வெட்டவா, இன்னாரு விதவைன்னு வெட்டவா தாயி? ஒங்காளுகளுக்கு ரெண்டு விதமாவும் வெட்டியிருக்கேன்."

"மனைவின்னு வெட்டுங்கண்ணே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அவுக இருக்காகளா?"

"இல்லன்னு யாரும் வந்து சொல்லல" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, உங்கள் பேருக்குக் கீழே அண்ணன் பேரை வெட்டத் தொடங்கினார். ஒரு எழுத்தும் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று, அவர் முடிக்கிறவரை நான் பக்கத்திலேயே நின்றேன்.